அலுமினியத் தகட்டை வீட்டிலேயே அறுத்து வளைக்கும் முறை

பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள பாலாற்றுப் பகுதியில் தோலும் தறியும் நிலமும் மக்களுக்குப் பிழைப்பளிக்கின்றன. இவற்றுள் தோல் தொழிலுக்கும் அலுமினியத்திற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898-ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்பிரட் சாட்டர்டன்தான், சில ஆண்டுகளுக்குப் பின்னர் குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார்.

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளது. இரும்பைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை. தறிக்கு ஓர் இணைப்புப் பட்டை, விதைப் பெட்டிக்கு ஒரு பெயர்த் தகடு, கதவுக்கு ஒரு தாங்கி ஆகியவற்றை நாமே செய்துகொள்ளலாம். சிறு துண்டு ஒன்றிற்காகத் தறி நின்றுவிடலாகாது. ஆயினும் இரும்புக்குரிய பழக்கத்தை அப்படியே இதற்குக் கையாண்டால் தகடும் கெடும், கையும் காயப்படும்.

அறுக்கவேண்டிய கோட்டைக் கூரிய ஊசியால் கீறலாம். வளைக்கவேண்டிய கோட்டையோ பென்சிலால்தான் வரையவேண்டும். கீறிய இடத்தில் வளைத்தால் அங்கேயே விரிசல் விடும். ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள தகட்டைத் தகரக் கத்தரியால் வெட்டலாம். அதற்கு மேற்பட்டதை இரு மரப்பலகைகளுக்கு இடையே இறுக்கி, அங்குலத்திற்கு 24 அல்லது 32 பற்களுள்ள ரம்பத்தால் அறுக்கவேண்டும். சில துளி மண்ணெண்ணெய் விட்டால் பற்களில் உலோகம் ஒட்டாது. அரத்தின் மீது முன்னதாகவே சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் பொடி அடைத்துக்கொள்ளாது.

துளையிடும்போது தகட்டைக் கையால் பிடிப்பது பேராபத்து. துளையூசி சிக்கினால் தகடு சக்கரக் கத்திபோல் சுழலும். அடியில் மரத்துண்டு வைத்து, தகட்டை இறுக்கிய பின்னரே துளையிடவேண்டும். சாதாரணச் சாணைச் சக்கரத்தில் அலுமினியத்தைத் தேய்த்தல் கூடாது. உலோகம் சக்கரத்தின் நுண்துளைகளை அடைத்துச் சூடேற்றும், சக்கரம் வெடித்துச் சிதறவும் கூடும். கண்ணாடி அணியாமல் எவரும் வேலையைத் தொடங்கலாகாது.

விறைப்பான தகடு வளைய மறுத்தால் அதை இளக்கவேண்டும். இரும்பு பழுப்பதுபோல் அலுமினியம் நிறம் மாறி எச்சரிப்பதில்லை. 660 பாகை செல்சியசில் திடீரென உருகிவிடும். ஆகையால் தகட்டின் ஒரு பக்கத்தில் சவர்க்காரத்தைத் தடவி, மறு பக்கத்தில் நெருப்பைக் காட்டுக. சவர்க்காரம் கருத்தவுடன் நிறுத்தி ஆறவிடுக. பின்னர் உருண்டை விளிம்புள்ள மரக்கட்டையின் மீது வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் தகடு வளையும். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மீண்டும் வளைத்தால் ஒடிந்துபோகும்.

ஒன்றை மட்டும் நெசவாளர் மறவாதிருத்தல் வேண்டும். சாயத் தொட்டியில் பயன்படும் காஸ்டிக் சோடாவும், தோல் ஊறும் சுண்ணாம்பு நீரும் அலுமினியத்தை அரித்துவிடும். காஸ்டிக் சோடாவில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். எனவே அவ்விடங்களில் அலுமினியக் கலமோ கரண்டியோ தாங்கியோ வைத்தலாகாது.

வெட்டிய விளிம்புகளை அரத்தால் மழுக்கிய பின்னரே தகட்டைத் தறியில் பொருத்துக. கூரான விளிம்பு ஒன்று, நூலையும் விரலையும் ஒருங்கே அறுத்துவிடும்.