400 வருஷத்துக்கு முந்தைய தாத்தா யார்? அமெரிக்கர்கள் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்!

பராக் ஒபாமாவின் அப்பா, கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். அம்மா, கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளையினப் பெண். அதனால், 'அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபருக்கு, அமெரிக்க மண்ணில் அடிமையாக இருந்த மூதாதையர் யாரும் கிடையாது' என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

2012-ல் ஆன்செஸ்ட்ரி டாட் காம் நிறுவனத்தின் வம்சாவளி ஆய்வாளர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். 1640-ல் வர்ஜீனியாவில் ஆயுள் முழுக்க அடிமையாக இருக்கும்படி தண்டிக்கப்பட்ட ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர், ஒபாமாவின் மூதாதையாக இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்றார்கள். அதுவும் கென்ய அப்பா வழியில் இல்லை, வெள்ளையின அம்மா வழியில்!

சரி, கிட்டத்தட்ட 370 வருஷம் பின்னால் போய் ஒரு மனிதரை எப்படிப் பிடிக்க முடிந்தது? அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பொழுதுபோக்காகவே செய்கிற வேலை இது. காலனி காலம் என்றால், 1607-ல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர்கள் குடியேறியதில் தொடங்கி 1776 சுதந்திரப் பிரகடனம் வரையிலான காலம். அங்கே போய்ச் சேரும் வழியைப் பார்ப்போம்.

முதல் விதி: தாத்தாவிலிருந்து தொடங்கு!

'எங்க வம்சம் மேஃபிளவர் கப்பல்ல வந்த வம்சம்' என்று வீட்டில் ஒரு கதை இருக்கும். உடனே 1620-க்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கி வரத் தோன்றும். அனுபவசாலிகள் அதைச் செய்யவே மாட்டார்கள். தெரிந்த ஆளிலிருந்து தெரியாத ஆளுக்கு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கித்தான் போவார்கள். 'இவர் மகன் இவர்' என்பதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு ஆதாரம் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால், அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய குடும்பம். அவ்ளோதான்.

முதல் பாதிக்குக் கைகொடுப்பது, 1790 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தனிநபர் விவரங்களை 72 வருஷம் பூட்டி வைத்துவிட்டு, பிறகு பொதுவில் வெளியிடுகிறார்கள். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் வெளியானது. அதில் தாத்தாவைச் சிறுவனாகக் கண்டுபிடித்தால், அதே வீட்டில் அவருடைய அப்பா, அம்மா பெயரும் வயதும் இருக்கும். அவர்களை 1940, 1930 என்று பின்தொடரலாம்.

இடையில் ஒரு பள்ளம் உண்டு. 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதைத் தாண்டி 1850 வரை போய்விடலாம். சுதந்திரமாக வாழ்ந்த எல்லோருடைய பெயரையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். 1840-ம் அதற்கு முந்தையவையும் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் சொல்லும். மனைவியும் பிள்ளைகளும் அதில் வெறும் எண்ணிக்கை.

அரசு எழுதாததை உயில் சொல்லும்!

காலனி காலத்துக்குள் நுழைந்ததும் எந்த ஊர் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வடக்கே மாசசூசெட்ஸ் பக்கம் முன்னோர் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே ஊர் எழுத்தர்களே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்தார்கள். 1620-லிருந்து 1640-க்குள் நியூ இங்கிலாந்து பகுதிக்கு வந்த சுமார் 20,000 பேரைப் பற்றித் தனியாக ஒரு பெரிய ஆய்வுத் திட்டமே இருக்கிறது. பாஸ்டனில் 1845-ல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் அதை நடத்துகிறது.

தெற்கே வர்ஜீனியாவில் அந்த வேலையைச் செய்தது தேவாலயம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பங்குப் பதிவேட்டில் ஏறும். ஆங்கிலேயர்கள் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோன வழக்கம் இது. நம்ம சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில், 1680-ல் ஏறிய முதல் பெயரே காலனி அமெரிக்காவில் பிறந்த ஒருவருடையதுதான். 1649-ல் பாஸ்டனில் பிறந்து, பிறகு மதராஸ் கவர்னரான எலிஹு யேல். யேல் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பவர் இவரே!

தெற்கில் ஒரு சோகம், பல மாவட்டங்களின் ஆவணங்கள் இன்று இல்லை. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று சில மாவட்டங்கள் தங்கள் பதிவேடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் பற்றி எரிந்தபோது அவையும் சேர்ந்தே எரிந்தன.

பதிவேடு இல்லாத இடத்தில் சொத்து ஆவணங்கள்தான் துணை. உயிலில் 'என் மகள் மேரிக்கு ஒரு பசு' என்று ஒரு வரி இருந்தாலே போதும், அப்பா-மகள் உறவு நிரூபணமாகிவிடும். கல்யாணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடுவதால், பல பாட்டிகளைக் கண்டுபிடிக்க அப்பாவின் உயில் மட்டுமே வழி.

வர்ஜீனியாவில் இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஆளைக் காலனிக்கு அழைத்து வந்தால், அழைத்து வந்தவருக்கு 50 ஏக்கர் நிலம் கிடைக்கும். அந்தக் கணக்குக்காக வந்தவர்களின் பெயரை எழுதினார்கள். 1635-ம் வருஷப் பதிவு ஒன்றில் 'டோனி, ஒரு கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. வேலையாளாகக் கப்பலேறிய இந்தியர்கள் அவ்வளவு சீக்கிரமே அங்கே போயிருக்கிறார்கள்!

சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்களின் பென்ஷன் கோப்புகளும் ஒரு புதையல். 'என் கணவர் இவர்தான், கல்யாணம் இந்தத் தேதியில் நடந்தது' என்று நிரூபிக்க, விதவைகள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதிகளோடு அந்தப் பக்கங்கள் இன்னும் கோப்பில் இருக்கின்றன.

ஒரு கயிறு... பல தலைமுறை!

1620-ல் மேஃபிளவரில் வந்த பயணிகள் 102 பேர். முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். வரும் வழியிலேயே ஜான் ஹவ்லேண்ட் என்ற இளைஞர் புயலில் கடலுக்குள் விழுந்தார். கப்பலிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து உயிர் தப்பினார். பிறகு, அதே கப்பலில் வந்த எலிசபெத் டில்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். 10 பிள்ளைகள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் அப்பா-மகன் என மூன்று அதிபர்கள் இவருடைய வழியில் வந்தவர்கள். அந்தக் கயிறு மட்டும் கைக்குச் சிக்காமல் போயிருந்தால்?

இதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை, கணக்குதான். அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, அடுத்து 8. பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். பன்னிரண்டாவதில் 4,096. கூடவே, அந்தப் பத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளும் பெருகிக்கொண்டே போகிறார்கள். அதனால், மேஃபிளவர் வாரிசு என்பது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் சொந்தமான பெருமை இல்லை. பக்கத்து வீட்டு பஸ் டிரைவரும் வாரிசாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படியையும் நிரூபித்தால்தான், 1897-ல் தொடங்கிய மேஃபிளவர் வாரிசுகள் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கும்.

ஏமாற்றும் இடங்கள்!

அந்தக் காலத்து ஆங்கிலத்தை இன்றைய அர்த்தத்தில் படித்தால் குடும்பமே மாறிவிடும். 'சீனியர்', 'ஜூனியர்' என்றால் அப்பா, மகன் என்று அர்த்தம் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருக்கும் பெரியவர், சின்னவர். அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், சொந்தமே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். 'மதர்-இன்-லா' என்ற சொல் மாமியாரை மட்டுமல்ல, மாற்றாந்தாயையும் குறித்தது.

தேதியிலும் சிக்கல். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கு மார்ச் 25-ல்தான் புது வருஷம் பிறந்தது. அதனால் அன்றைய பிப்ரவரி, நம்ம கணக்கில் அடுத்த வருஷம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது காலண்டரில் இருந்த தேதி 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22!

பணத்துக்காகப் பொய் சொன்னவர்களும் உண்டு. ஸ்வீடனிலிருந்து வந்த குஸ்தாவ் அஞ்சு என்பவர், பணக்காரக் குடும்பங்களுக்கு அவர்கள் ஆசைப்பட்ட முன்னோர்களைப் போலி ஆவணங்களோடு தயாரித்து விற்றார். 1942-ல் அவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் செய்த வம்ச வரிசைகளை இன்றைக்கும் ஆன்லைனில் யாராவது காப்பி, பேஸ்ட் செய்துகொண்டிருக்கிறார்கள். நூறு பேர் பகிர்ந்த குடும்ப மரமாக இருந்தாலும், அடியில் ஒரு பழைய ஆவணம் இல்லை என்றால் அது வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மாதிரிதான்.

1870 என்ற சுவர்!

இதுவரை சொன்ன வழி, வெள்ளையினக் குடும்பங்களுக்கு ஓரளவு திறந்த பாதை. கறுப்பினக் குடும்பங்கள் 1870-ல் முட்டி நின்றுவிடும். அடிமையாக இருந்த பெரும்பாலானோரின் பெயர், கணக்கெடுப்பில் முதன்முதலாக எழுதப்பட்டது அந்த வருஷம்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயர் இருக்கும். அதன் கீழே 'பெண், 6 வயது', 'ஆண், 30 வயது' என்று வரிகள் மட்டும் இருக்கும்.

அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால் முதலாளி யார் என்று கண்டுபிடித்து, அவருடைய குடும்ப ஆவணங்களைத் தேட வேண்டும். மிஷேல் ஒபாமாவின் முன்னோர்களை ஆய்வாளர்கள் அப்படித்தான் தேடினார்கள். தெற்கு கரோலைனாவில் ஒரு முதியவர் 1850-ல் எழுதிய உயிலில், ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து மெல்வினியா என்ற சிறுமியையும் வாரிசுகளுக்குப் பங்கு பிரித்திருந்தார். அவளுக்கு 6 வயது இருக்கலாம். பிறகு போட்ட சொத்து மதிப்பில் அவள் விலை 475 டாலர். ஐந்து தலைமுறை கழித்து, அவள் வழியில் வந்த பெண் வெள்ளை மாளிகைக்குள் குடியேறினார்.

1976-ல் வந்த அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்', இந்தத் தேடலை நாடு முழுக்கப் பரப்பியது. அதில் வரும் காலனி காலப் பகுதி ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும், 'எங்களுக்கும் தேட ஒரு வம்சம் இருக்கிறது' என்ற எண்ணத்தைக் கறுப்பினக் குடும்பங்களில் விதைத்தது அந்தப் புத்தகம். சுதந்திரப் போர் வீரர்களின் வழிவந்த பெண்களுக்கான சங்கம் 1890-ல் தொடங்கியது. 1939-ல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்குத் தன் அரங்கைத் தர மறுத்த அதே சங்கத்தில், 1977-ல் ஒரு கறுப்பினப் பெண் உறுப்பினரானார். ஆவணங்களைக் காட்டி!

டி.என்.ஏ என்ன செய்யும்?

எச்சிலை டியூபில் அனுப்பினால் மூதாதையர் லிஸ்ட் மெயிலில் வந்துவிடாது. 'உங்களில் இத்தனை சதவிகிதம் ஐரிஷ்' என்பது ஒரு மதிப்பீடு. அதில் யார் பெயரும் இல்லை. பத்துத் தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு துளி டி.என்.ஏ கூட வராமல் போகலாம். ஆனால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம், பல தலைமுறைகளுக்குப் பெரிதாக மாறாது.

ஜான் பஞ்ச் விஷயத்தில் உதவியது அதுதான். ஒபாமாவின் அம்மா வழி முன்னோர்கள் 'பஞ்ச்' குடும்பத்தினர் என்று ஆவணங்கள் காட்டின. ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் கொஞ்சம் மாறி, 'பன்ச்' என்று ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்து ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோம், ஆப்பிரிக்க வழியைக் காட்டியது. 1600-களின் சில வர்ஜீனியா ஆவணங்கள் இல்லாததால், கடைசிக் கண்ணிக்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால்தான் 'வாய்ப்பு மிக அதிகம்' என்று நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து. 2023-ல் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவாலுக்கு விண்ணப்பித்தது. பாஸ்வேர்டை மாற்றலாம், டி.என்.ஏ-வை மாற்ற முடியாது. அதில் அண்ணன், தம்பி, பெரியப்பா பிள்ளைகளின் விவரமும் சேர்ந்தே போகிறது. ஆவணங்களை மட்டும் பார்க்க, மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணம் இல்லாமலே கணக்குத் தொடங்கலாம்.

யாருக்காக எழுதினார்கள்?

ஜான் பஞ்ச் பெயர் நமக்கு ஏன் தெரியும்? 1640-ல் அவரும், விக்டர் என்ற டச்சுக்காரரும், ஜேம்ஸ் கிரிகரி என்ற ஸ்காட்லாந்துக்காரரும் முதலாளியிடமிருந்து தப்பியோடி, மேரிலாந்தில் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆளுக்கு 30 கசையடி. வெள்ளையர் இருவருக்கும் கூடுதலாகச் சில வருஷ வேலை. பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க. அதை நீதிமன்றம் எழுதி வைத்தது. அதனால் தெரியும்.

காலனி அமெரிக்காவில் யாரும் கொள்ளுப்பேரன்களுக்காக ஆவணம் எழுதவில்லை. நிலத்துக்கு, வரிக்கு, சொத்துப் பிரிக்க, தண்டனை கொடுக்க எழுதினார்கள். நிலம் வைத்திருந்தவர் பெயர் பத்துப் பத்திரங்களில் இருக்கும். நிலமில்லாதவர் பெயர் ஒரு தீர்ப்பிலோ, அடுத்தவருடைய உயிலிலோ ஒரே ஒரு தடவை வந்துபோகும். சில குடும்பங்களுக்கு 400 வருஷத் தேடல் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.