ஆறு பேருக்கு ஒருவர்

கல்லூரி திறக்கும் நாளுக்குள் பகடிவதை (ராகிங்) தடுப்பு உறுதிமொழியின் பதிவெண்ணைக் கொண்டுவர வேண்டுமென்று கெடு வைத்திருப்பதாலும், அந்த எண் எங்கே, யாரிடம், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது விளங்காமையாலும், பழையசீவரம், வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. விலை ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

உறுதிமொழி என்பது, எவரையும் துன்புறுத்தமாட்டேன் என்று மாணவரும், துன்புறுத்தினால் விளைவை அறிவோம் என்று பெற்றோரும் ஆண்டுதோறும் செய்து தரும் பிரமாணம் என அதிகாரிகள் வியாக்கியானம் செய்வர். நடைமுறையிலோ, பிரௌசிங் சென்டரில் யாரோ ஒருவர் நிரப்ப, தகப்பனார் வாசியாமலே தலையசைக்க, மின்னஞ்சலில் வந்து சேரும் ஓர் எண்ணே அது. 2025 ஜூனில் பல்கலைக்கழக மானியக்குழு 89 உயர்கல்வி ஸ்தாபனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோதும், மாணவர் தரப்பு உறுதிமொழிகளும் ஸ்தாபனம் தரவேண்டிய உறுதிமொழியும் வந்து சேரவில்லை என்பதே குற்றமாயிருந்தது. எண்ணுவதற்கு எளிதானதை எண்ணுவது சர்க்காரின் சுபாவம்.

ஆனால், 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொலையுண்டதையொட்டித் தமிழ்நாடு 1997-இல் இயற்றிய சட்டம் தண்டனையோடு நின்றுவிட, 2009-இல் மானியக்குழு வெளியிட்ட ஒழுங்குவிதிகளோ, எவரும் அதிகம் பேசாத ஒரு பகுதியில், மிக நுட்பமான உபாயம் ஒன்றைச் சொல்லுகின்றன. புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு, தாமாக முன்வந்த மூத்த மாணவர் ஒருவர் வழிகாட்டி. அத்தகைய வழிகாட்டிகள் ஆறு பேருக்கு, அவர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் வழிகாட்டி. இவ்வாறே கல்லூரியில் எத்தனை வகுப்புகள் உண்டோ அத்தனை அடுக்குகள். முதலாண்டில் 216 பேர் இருப்பின், இரண்டாமாண்டில் 36 பேரும் மூன்றாமாண்டில் ஆறு பேரும் போதும். அந்த ஆறு பேரையும் ஓர் ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருத்தல் சாத்தியமே. சீனியரின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது? எந்த அறை எங்கே, எந்த ஆசிரியர் எப்படி, அரியர் விழுந்தால் என்ன கதி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது என்ற வித்தியாசத்திலிருந்துதான். அந்த வித்தியாசத்தையே உதவியாக மாற்றிவிடும் இவ்விதியை வகுத்தவர் மனித இயல்பை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

கவலை தருவதும் இதுவே. ஆறு பேரை ஒருவரிடம் ஒப்புவிக்கும் ஏற்பாடு, அந்த ஒருவர் தீயவராயின் ஆறு பேரையும் அவர் கையில் பிடித்துக் கொடுத்த ஏற்பாடாகிவிடும். கண்காணிக்கும் ஆசிரியருக்கு நேரமும் பொறுப்பும் வரையறுக்கப்படாதவரை அது காகிதத்தோடு நின்றுவிடும். மேலும், இத்தகைய விதிகள் பெரும்பாலும் விடுதியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பழையசீவரம் ரயில் நிலையத்தில் வண்டியேறிச் செங்கற்பட்டு இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்கோ, பேருந்தில் நின்றபடியே காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிக்கோ போய்வரும் பிள்ளை, கடைசி மணி அடித்ததும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறது. அதன் வழிகாட்டி அதனை எப்போது சந்திப்பார்?

மாணவரைப் பேணும் சிரத்தைக்கு உதாரணம் அருகிலேயே உண்டு. பழையசீவரத்திலிருந்து பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கு நடந்த வேதபாடசாலை மாணவர்க்குச் சோறு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய், நோயுற்றால் பதினைந்து படுக்கையுள்ள ஆதுலர்சாலை (மருத்துவமனை) என ஒவ்வொன்றும் அதில் அளவோடு விதிக்கப்பட்டிருக்கிறது. அப்பாடசாலை பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் எண்ணெய்க்குக்கூட அளவு எழுதிய அந்தச் சாசனத்தின் சிரத்தை, 2019-இல் ‘தீக்ஷாரம்பம்’ என்ற கம்பீரமான பெயரோடு புதுமுக மாணவர் அறிமுகத் திட்டத்தை மானியக்குழு வெளியிட்ட பின்னும், வழிகாட்டிகளின் விஷயத்தில் காணக் கிடைக்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சென்ற ஆண்டு கொடுத்த உறுதிமொழி போதுமா? போதாது, ஆண்டுதோறும் தரவேண்டும்.

வந்த எண்ணை என்ன செய்வது? கல்லூரியின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்புக. நகல் ஒன்று வைத்துக்கொள்க.

மாணவர்தான் முறையிட வேண்டுமா? பெற்றோரும் ஆசிரியரும் முறையிடலாம்.

உதவி எண்? 1800-180-5522, இரவிலும் உண்டு.

தண்டனை? தமிழ்நாட்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம்.

செய்தவர் யாரென்று தெரியாவிட்டால்? கூட்டுத் தண்டனை என்கிறது 2009-இன் விதி; நிரபராதிகளையும் தண்டிக்கும் அதனை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

உறுதிமொழி எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்கும் பெற்றோர், கொடுத்தவுடன் திரும்பிவிடாமல், தம் பிள்ளைக்குரிய வழிகாட்டி மாணவர் யார், அவருக்கு மேலே பொறுப்பேற்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு, இரு பெயர்களையும் எழுதி வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.