விடை மட்டும் போதாது: அறிவியல் பணிப்பாய்வும் நுழைவாயிலும்

கணக்கில் விடை சரியாக இருந்தாலும் படிகள் எழுதாவிட்டால் நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. மாணவர் அந்த விடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது படிகளில்தான் தெரியும். இன்றைய அறிவியல் ஆய்விலும் இதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது. ஆய்வின் பெரும்பகுதி கணினிக்குள் நடக்கிறது. ஒரு முடிவு கிடைப்பதற்கு முன் தரவுகள் பல மென்பொருள்களைக் கடந்து வருகின்றன. ஆய்விதழில் முடிவு அச்சாகிறது. இடையில் நடந்தவை யாரோ ஒருவரின் மடிக்கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘செப்ட் 2’, ‘மார்ச் 1’ என்பன போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. விரிதாளில் இவற்றை இட்டவுடன் மென்பொருள் தேதி என்று நினைத்துக்கொண்டு செப்டம்பர் 2, மார்ச் 1 என மாற்றிவிடும். மாணவரின் ஆதார் எண்ணை விரிதாளில் தட்டச்சு செய்தபின் அது வேறு ஏதோ வடிவத்தில் சுருங்கி நிற்பதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல! மரபணுப் பட்டியலை விரிதாளாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளை 2016-இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது தெரியவந்தது. மென்பொருள் மாறும் என்று காத்திராமல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். 2020-இல் வெளியான பெயரிடும் விதிகளின்படி ‘மார்ச் 1’ இப்போது ‘மார்ச்எஃப் 1’. பிழை நேர்வது இயல்பு. ஆனால் கையால் நகலெடுத்து ஒட்டும் வேலைக்குப் பதிவு என்று எதுவும் இருப்பதில்லை. ஆகவே எந்தப் படியில் பிழை நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வழியில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க உருவானவைதான் அறிவியல் பணிப்பாய்வு அமைப்புகள். பெயர் சற்றுக் கடினமாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். பொதுத்தேர்வை நினைத்துப் பாருங்கள். விடைத்தாள்கள் கட்டப்படுகின்றன, தேர்வு எண் மறைக்கப்படுகிறது, முகாமில் திருத்தப்படுகிறது, மதிப்பெண் பதிவாகிறது, எல்லாப் பாடங்களும் சேர்ந்து பட்டியலாகிறது. எண்ணை மறைக்காமல் திருத்தத் தொடங்க முடியாது. ஆனால் தமிழ்த் தாளும் கணக்குத் தாளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் திருத்தப்படலாம். மறுகூட்டல் கேட்டால் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்தால் போதும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. தாள் பத்திரமாக இருப்பதால்தான் மறுகூட்டலே சாத்தியமாகிறது.

இப்படிப்பட்ட படிகளைக் கட்டங்களாகவும், ஒன்றின் விளைவு அடுத்ததற்குப் போவதை அம்புக்குறிகளாகவும் வரைந்தால் கிடைப்பது பணிப்பாய்வு. அம்புகள் முன்னோக்கியே போகும். சுற்றி வந்து தொடங்கிய கட்டத்திலேயே சேர்ந்தால் எதை முதலில் செய்வது என்று கணினியால் முடிவு செய்ய முடியாது. இந்தப் படத்தைப் படித்து, வேலைகளை வரிசைப்படி கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒன்றையொன்று சாராதவற்றை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, நின்றுபோனதை மட்டும் மறுபடி தொடங்கி, எந்தப் படியில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடியது என்பதையும் குறித்து வைப்பது பணிப்பாய்வு அமைப்பின் வேலை.

இதன் அருமை தெரிய ஈர்ப்பு அலைகளின் கதையைப் பார்க்கலாம். 14 செப்டம்பர் 2015 அன்று அமெரிக்காவின் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இடங்களில் உள்ள இரண்டு லைகோ நிலையங்களும் ஒரே மாதிரியான சிறு அதிர்வைப் பதிவு செய்தன. அது நீடித்தது 0.2 விநாடி அளவே. நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ 3,000 கி.மீ. தொலைவு. முதலில் லிவிங்ஸ்டனுக்கும் சுமார் 7 மில்லி விநாடி கழித்து ஹான்ஃபோர்டுக்கும் அது வந்து சேர்ந்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அடையாளம் அது. ஆனால் அறிவிப்பு வெளிவந்தது 11 பிப்ரவரி 2016-இல். ஐந்து மாதங்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால் நாம் சொல்ல வேண்டிய பதில், ‘சரிபார்த்தார்கள்’ என்பதே.

கருந்துளைகளின் எடைக்கேற்ப அலையின் வடிவம் மாறும். எனவே கணக்கிட்டு வைத்த சுமார் 2.5 லட்சம் மாதிரி வடிவங்களோடு, 16 நாள் தரவுகளை ஒப்பிட்டார்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு நிலையத்தின் தரவுகளை இன்னொன்றிலிருந்து சிறிது நேரம் தள்ளி வைத்து மறுபடி தேடினார்கள். ஒளியின் வேகத்தில் செல்லும் அலை ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குப் போக அதிகபட்சம் 10 மில்லி விநாடி ஆகும். அதைவிட அதிகமாகத் தள்ளி வைத்தபின் இரண்டும் பொருந்தினால் அது தற்செயலே. இப்படித் தள்ளித் தள்ளித் தேடியதில், உண்மையில் கண்ட அளவுக்கு வலுவான தற்செயல் ஒன்று வர 2,03,000 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. (நிகழ்தகவு பாடம் நடத்துவோர் இதை எடுத்துக்கொள்ளலாம், நாணயம் சுண்டுவதைவிடச் சுவையாக இருக்கும்.)

இத்தனை ஆயிரம் வேலைகளை மனிதர் கையால் ஒவ்வொன்றாக ஓட்ட முடியாது. இந்தத் தேடலை ஓட்டிய அமைப்புகளில் ஒன்று பெகாசஸ். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஈவா டீல்மன் தலைமையில் உருவானது. என்ன செய்ய வேண்டும் என்பதை விஞ்ஞானி விவரித்தால் போதும். எந்தக் கணினியில் ஓட்டுவது, தரவை எங்கிருந்து எங்கே நகர்த்துவது என்பதைப் பெகாசஸ் பார்த்துக்கொள்ளும். அன்றைய லைகோ தரவுகள் இன்று இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. சந்தேகப்படுகிறவர் தானே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் எல்லோராலும் முடியுமா? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பயிற்சி வேண்டும், சக்திவாய்ந்த கணினி வேண்டும். இந்தத் தடையை நீக்க வந்தவை அறிவியல் நுழைவாயில்கள். சாதாரண பிரவுசரைத் திறந்து ஓர் இணையதளத்துக்குப் போகிறோம். பின்னால் எங்கோ இருக்கும் பெரிய கணினி நமக்காக வேலை செய்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ மீக்கணினி மையத்தில் உள்ள சிப்ரெஸ், உயிரினங்களின் பரிணாம மரத்தை இப்படி வரைந்து தருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கேலக்ஸி. 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இப்போது ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் பெரிய தளங்கள் உள்ளன. கணக்கு தொடங்கக் கட்டணமில்லை. இடப்புறம் கருவிகளின் பட்டியல் இருக்கும், வலப்புறம் நாம் செய்த ஒவ்வொரு படியும் தானாகவே அடுக்கடுக்காகப் பதிவாகிக்கொண்டே வரும். எந்தப் படியைச் சொடுக்கினாலும் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன அளவுகள் என்று காட்டும். செய்து முடித்த வேலையை அப்படியே பணிப்பாய்வாக மாற்றி, இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பலாம். அவர் வேறு தரவை இட்டு அதே படிகளை ஓட்டலாம். 2020-இன் தொடக்கத்தில், கொரோனா வைரஸின் மரபணுத் தரவுகளை இந்தக் குழுவினர் இப்படித் திறந்த முறையில் மறுபடி ஆராய்ந்து, படிகளையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

2002 முதல் பர்டூ பல்கலைக்கழகம் நடத்தும் நானோஹப் மேல்நிலை வகுப்புகளுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் படிக அமைப்பைச் சுழற்றிப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘திட நிலைமை’ நடத்தும் சக ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். “முகப்பு மைய அமைப்பைக் கரும்பலகையில் வரைந்தே என் கை ஓய்ந்துவிட்டது சார்” என்றார்.

நம் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்கள் சேரும் கல்லூரியில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் போகலாம். ஆனாலும் ஆராய்ச்சியாளர் பயன்படுத்தும் அதே தரவும் அதே கருவியும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினியிலேயே திறக்கும் என்பதை அவர்கள் பள்ளியிலேயே அறிந்திருப்பது எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. தடைகளும் உண்டு. பயிற்சிப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; இணைய வேகம் வேண்டும். எல்லாத் தளங்களும் நிலைப்பதுமில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த டவெர்னா ஒரு காலத்தில் புகழ்பெற்ற பணிப்பாய்வு அமைப்பு. அதில் எழுதப்பட்டவற்றுள் பல, அவை நம்பியிருந்த வெளி இணையச் சேவைகள் மூடப்பட்டதும் ஓடாமல் நின்றன. படி எழுதிவைத்தாலும் படிக்கட்டே இல்லாமல் போவது போல.

கணினி இல்லாமலும் இதை வகுப்பில் தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்பில், இலையில் ஸ்டார்ச் இருப்பதைக் கண்டறியும் சோதனையைக் கட்டங்களும் அம்புகளுமாக வரையச் சொன்னேன். ஒரு குழு வரைந்ததை அடுத்த குழு, வாய் திறந்து எதுவும் கேட்காமல், படத்தை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். செடியை இருட்டில் வைப்பது, கறுப்புத் தாள் ஒட்டுவது, வெயிலில் வைப்பது, இலையை ஆல்கஹாலில் இட்டு நீர்த்தொட்டியில் சூடாக்குவது, அயோடின் இடுவது என எல்லாக் கட்டங்களும் இருந்தன. (சூடாக்கும் வேலையை மட்டும் நான் செய்தேன்; ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்.) எத்தனை மணி நேரம் வெயிலில் வைப்பது என்று ஒரு குழு எழுதவில்லை. அந்தப் படம் கைக்கு வந்த குழு செடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது. படம் வரைந்த மாணவி எழுந்து போய் அதை வாங்கி, வெயில் கட்டத்துக்குள் ‘5 மணி நேரம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.