ஆல்ஃபா, பீட்டா, அண்ணன், தம்பி!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அதிகாலையில், காப்பி கூடக் குடிக்காமல், கையில் செல்போனுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, அமெரிக்காவிலிருந்து பேரன் தகவல் அனுப்பியிருக்கிறான். 'தாத்தா, எனக்கு பிட் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்' என்கிறான். முப்பத்தைந்து வருஷம் பரீட்சை ஹாலில் பிட் பிடித்தவன் நான். கடைசியில் என் பேரனே..." மேலே அவரால் பேச முடியவில்லை.

அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். "ஐயா, இது அந்த பிட் அல்ல. அங்கே மாணவர் சங்கம் ஒன்று, 'எங்களோடு வந்து சேர்ந்துகொள்' என்று கொடுக்கும் அழைப்புக்கு பிட் என்று பெயர்" என்றேன். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அடுத்த கேள்வியும் கூடவே வந்தது: "சரி, சேரலாமா, கூடாதா?"

நியாயமான கேள்விதான். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து படிக்கப் போயிருந்தால், ஒரு நாள் உங்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம். அதனால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்க எழுத்து எப்படி வந்தது?

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே 1776-ம் வருஷம், டிசம்பர் 5-ந் தேதி, வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஐந்து மாணவர்கள் கூடி ஒரு ரகசியச் சங்கம் அமைத்தார்கள். 'ஞானத்தின் மீது கொண்ட அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி' என்று பொருள்படும் ஒரு கிரேக்க வாசகத்தின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து, 'ஃபை பீட்டா காப்பா' என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தச் சங்கம் ரகசியத்தைக் கைவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சபையாக மாறிவிட்டது. ஆனால் எழுத்து, உறுதிமொழி, கைகுலுக்கும் ரகசிய முறை எல்லாம் மற்றவர்களுக்குப் பிடித்துப் போயின. நியூயார்க் மாகாணத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் ஒரு சங்கமும், 1827-ல் இரண்டு சங்கங்களும் தோன்றின. இன்றைய சகோதர சங்கங்களுக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது என்பார்கள்.

ஆண்கள் சங்கத்துக்கு 'ஃப்ரட்டெர்னிட்டி' என்று பெயர். பெண்கள் சங்கத்துக்கு 'ஸொராரிட்டி'. ஒவ்வொன்றுக்கும் பல கல்லூரிகளில் கிளைகள் உண்டு. பல இடங்களில் சொந்த வீடும் உண்டு. வாசலில் பெரிய கிரேக்க எழுத்துக்கள். உள்ளே நாற்பது ஐம்பது பேர் ஒன்றாகத் தங்கிச் சாப்பிட்டுப் படிப்பார்கள். புதிதாக வந்தவனுக்கு மூத்த மாணவன் ஒருவனை அண்ணனாக நியமிப்பார்கள்.

வீட்டை விட்டு எட்டாயிரம் மைலுக்கு அப்பால் போன பையனுக்கு, ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் அண்ணன் கிடைப்பது சாமானியமான விஷயமா? படிப்பு முடிந்து வேலை தேடும்போது, பழைய அங்கத்தினர்கள் கை கொடுப்பதும் உண்டு. ஜெரால்டு ஃபோர்டு, தந்தை புஷ், மகன் புஷ் ஆகிய மூன்று ஜனாதிபதிகளும் 'டெல்டா காப்பா எப்ஸிலன்' என்ற ஒரே சங்கத்துச் 'சகோதரர்கள்' என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கதவு அடைத்தவர்களும், கதவு திறந்தவர்களும்

இந்தச் சகோதர பாவம் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. வெகு காலம் வெள்ளையர் சங்கங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே, 1906-ல் கார்னெல் பல்கலைக் கழகத்தில் கறுப்பின மாணவர்கள் எழுவர் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்ற சங்கத்தைத் தாங்களே தொடங்கினார்கள். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அதில் அங்கத்தினரானார். 1908-ல் ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் கறுப்பினப் பெண்களுக்காக 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' பிறந்தது. 1986-ல் அதில் சேர்ந்த ஒரு மாணவி, 2021-ல் அமெரிக்காவின் உப ஜனாதிபதியானார். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்துக்காரரான கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ்தான் அவர்.

பழைய கதை என்று எண்ணிவிட வேண்டாம். அலபாமா பல்கலைக் கழகத்தில், கறுப்பினப் பெண்களைத் தோலின் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று மாணவர் பத்திரிகையே எழுதி, நாடு முழுவதும் பேச்சாகி, அதன் பிறகு அந்தப் பெண்கள் சங்கங்களின் கதவு திறந்தது 2013-ல்தான்!

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் 1998-ல் தெற்காசிய மாணவர்கள் 'டெல்டா எப்ஸிலன் ஸை' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே வருஷம், அதே இடத்தில், தெற்காசியப் பெண்களுக்கென்று 'காப்பா ஃபை காமா' தோன்றியது.

பெண் பார்க்கும் படலம்

பருவத் தொடக்கத்தில் 'ரஷ்' என்று ஒரு வைபவம் நடக்கும். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. பஜ்ஜி, சொஜ்ஜிக்குப் பதில் பீட்ஸா; அவ்வளவுதான். மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள்; சங்கத்தார் மாணவர்களை எடை போடுவார்கள். பிடித்திருந்தால் பிட் வரும். அதை ஏற்றுக்கொண்டவன் உடனே சகோதரனாகிவிட மாட்டான். சில வாரங்கள் புது அங்கத்தினனாக இருந்து, சங்கத்தின் சரித்திரத்தையும் விதிகளையும் கற்ற பிறகே உறுதிமொழிச் சடங்கு.

ஆபத்து ஒளிந்திருப்பது அந்தச் சில வாரங்களில்தான். புதியவனைப் பரீட்சிக்கிறேன் என்று தூங்க விடாமல் செய்வது, அடிப்பது, அளவில்லாமல் குடிக்க வைப்பது! இதற்கு 'ஹேஸிங்' என்று பெயர். நம் ஊர் ராகிங்கின் ஒன்றுவிட்ட சகோதரன். ராகிங் செய்பவன், வேண்டாம் என்று ஓடுகிறவனைத் துரத்துகிறான். ஹேஸிங்கிலோ, பையன் தானாகவே போய்த் தலையைக் கொடுக்கிறான். 'இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் நானும் சகோதரன்' என்ற ஆசை அவன் வாயைக் கட்டிவிடுகிறது.

2017-ல் பென்ஸில்வேனியா ஸ்டேட் பல்கலைக் கழகத்தில் 19 வயதுப் பையன் ஒருவன், பிட்டை ஏற்ற அன்றே மிதமிஞ்சிக் குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தான். வீடு நிறைய 'அண்ணன்மார்' இருந்தார்கள். ஆனால் சுமார் 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. பையன் இறந்துபோனான். அடுத்த வருஷம் அந்த மாகாணம் ஹேஸிங்குக்குக் கடுமையான தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது.

எல்லாச் சங்கமும் இப்படியா என்றால், இல்லை. 'ஸிக்மா ஆல்ஃபா எப்ஸிலன்' என்ற பெரிய சங்கம், 2014-ல் அந்தப் பரீட்சைக் காலத்தையே எடுத்துவிட்டது. பிட்டை ஏற்றவுடன் அங்கத்தினர்தான் என்று அப்போது அறிவித்தது. எனவே பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரே சங்கத்தின் ஒரு கிளை தங்கமாக இருக்கும். இன்னொன்று தகரமாக இருக்கும். கிளையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, பணம். சந்தா, வீட்டு வாடகை, சாப்பாடு, அபராதம் எல்லாவற்றையும் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை இடத்துக்கு இடம் மாறும். சங்க வீட்டில் தங்கியே தீர வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பிட்டுக்கும் உறுதிமொழிக்கும் இடையில் எத்தனை வாரம், என்ன வேலை? சடங்கு ரகசியமாக இருக்கலாம். பையனை என்ன செய்வார்கள் என்பது ரகசியமாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, பழைய குற்றங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்திய சட்டத்தின்படி, ஹேஸிங் செய்து பிடிபட்ட சங்கங்களின் விவரத்தைக் கல்லூரி தன் இணைய தளத்தில் வெளியிட வேண்டும். அதைத் தேடிப் படிப்பதற்குப் பத்து நிமிஷம் போதும்.

நான்காவது, படிப்பு. பல கல்லூரிகள் ஒவ்வொரு கிளையின் சராசரி மதிப்பெண்ணையும் வெளியிடுகின்றன.

ஐந்தாவது, விருந்து நாளில் வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் பட்டுப் புடவைதான்! செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சமையலறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் மது அருந்தச் சட்டப்படி 21 வயதாக வேண்டும். முதல் வருஷ மாணவனுக்கோ பதினெட்டு. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டால், வெளிநாட்டு மாணவனின் விசாவே ரத்தாகக் கூடும்.

சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வில்லியம்ஸ் கல்லூரி 1962-லும், போடன் கல்லூரி 1997-லும் இந்தச் சங்கங்களை ஒழிப்பது என்று முடிவு செய்தன. அதனால் அந்தக் கல்லூரிகளின் புகழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டு போனார். சனிக்கிழமை காலையில் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது.

"பணக் கணக்கை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்களாம், தம்பி. ஆனால் இரண்டாவது கேள்விக்கு, 'அதெல்லாம் ரகசியம், வந்து பார்' என்று சிரித்தார்களாம். கல்லூரியின் பட்டியலைப் பார்த்தால், அதிலும் அந்தக் கிளையின் பெயர் இருந்ததாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அடுத்த பருவத்தில் வேறு சங்கம் பார்க்கிறானாம். கேள்வித்தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு பெருமை தாங்காமல் சொன்னார்:

"என் சர்வீஸில் எத்தனையோ பையன்களைப் பார்த்துவிட்டேன். கைக்கு வந்த பிட்டைத் திருப்பிக் கொடுத்தவன் என் பேரன் ஒருவன்தான்!"