வேலையை விடுவது எப்பொழுது?



இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ, தொழிற்சாலையிலோ, பள்ளியிலோ பணி ஏற்பீர்கள். வேலை தேடும் வழியை உங்களுக்குக் கற்பிப்போர் பலர். கிடைத்த வேலையை விடலாமா, கூடாதா என்று எண்ணவேண்டிய நாளில் துணை நிற்போர் சிலரே. நிறுவனம் நல்லது, ஊதியத்திற்குக் குறைவில்லை, தொழிலும் மனத்துக்கு உகந்தது, ஆயின் மேலிருந்து நடத்துபவரின் போக்குப் பொறுக்கத்தக்கதாக இல்லை. இந்நிலையில் இருப்பதா, விலகுவதா? இவ்வினாவை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1956-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மவுண்டன் வியூ என்னும் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் தலைவர் வில்லியம் ஷாக்லி. டிரான்சிஸ்டர் பற்றிய ஆராய்ச்சிக்காக அவ்வாண்டிலேயே மற்றிருவருடன் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர். அதற்குப் பொருள் வழங்கியவர் ஆர்னால்டு பெக்மன் என்னும் தொழிலதிபர். திறமை மிக்க இளைஞர்களை ஷாக்லி தேடித் தேடிச் சேர்த்தார். அந்நாளில் அத்துறையில் ஓர் இளைஞன் விரும்பத்தக்க இடம் அதனினும் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால், அறிவில் சிறந்தவர் ஆளுகையில் சிறக்கவில்லை. தம் பணியாளர் கண்டறிந்த முடிவுகளைத் தம் பழைய அலுவலக நண்பர்களிடம் கேட்டுச் சரிபார்ப்பார். ஒரு பெண் பணியாளரின் கையில் ஊசிமுனை போன்றதொன்று குத்திவிட, அது சதியென ஐயுற்று, பொய் கண்டறியும் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். உடைந்த குத்தூசியே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, சிலிக்கன் டிரான்சிஸ்டரைச் செய்து முடிப்பதை விடுத்து, தம் மனத்துக்கு உவந்த வேறொரு கருவியின்பால் முயற்சியைத் திருப்பினார்.

அவ்விளைஞர்கள் உடனே வெளியேறினார்களா? இல்லை. இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். 1957-இல் அவர்களுட் சிலர், குறையைத் தீர்க்கும் அதிகாரம் படைத்த பெக்மனிடமே நேரிற் சென்று முறையிட்டனர். ஷாக்லி ஆலோசகராக இருக்கட்டும், நிருவாகத்தை வேறொருவர் ஏற்கட்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். முதலில் செவிசாய்த்த பெக்மன், பின்னர் ஷாக்லியின் பக்கமே நின்றார். இனி மாற்றம் வாராது எனத் தெளிந்த பின்னரே அவர்கள் வேறு வழி நாடினர்.

அப்பொழுதும் அவர்கள் வெறுங்கையோடு வெளியேறவில்லை. ஒருவர் நியூயார்க்கிலிருந்த ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்த ஆர்தர் ராக் என்பவர், தனித்தொழிலே தொடங்குமாறு ஊக்கினார். ஃபேர்சைல்டு நிறுவனம் ஏறத்தாழ 14 இலட்சம் டாலர் தர முன்வந்தது. எண்மரும் ஆளுக்கு 500 டாலர் இட்டனர். கடைசியாக இசைந்தவர் ராபர்ட் நாய்ஸ். அவர் மனைவியும் குழந்தைகளும் உடையவர். அவர் தயங்கியதைக் கோழைமை என்று எவரும் கூறார். 1957 செப்டம்பரில் எண்மரும் விலகினர். "துரோகிகள் எண்மர்" என்னும் பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

விளைவு யாது? இரண்டே ஆண்டுகளில், இன்றைய கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அடிப்படையான தொகுப்புச் சுற்றின் செய்முறை அப்புதிய நிறுவனத்தில் உருவாயிற்று. ஷாக்லியின் கூடமோ ஊதியம் ஈட்டாது 1960-இல் கைமாறியது.

இதனைக் கேட்டு, "விலகினால் வெற்றி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்புதிய நிறுவனத்திலும் நாளடைவில், தொலைவிலிருந்த தலைமையோடு மனவேறுபாடு முளைத்தது. நாய்சும் கார்டன் மூரும் 1968-இல் அதனையும் விட்டு விலகி, இன்டெல் நிறுவனத்தை நிறுவினர். குறையற்ற நிருவாகம் எங்கும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே, விலக எண்ணுவோன் மூன்று வினாக்களைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது: புண்பட்டது என் மனமா, என் தொழிலா? மேலாளரின் ஒரு கடுஞ்சொல் நாலு நாளில் ஆறிவிடும். ஒவ்வொரு நாளும் வேலை கெடுமாயின் அது வேறு. பொய்க்கணக்கு எழுதப் பணிப்பாராயின், அங்கே ஆராய்ச்சிக்கே இடமில்லை, அன்றே விலகுக. இரண்டாவது: திருத்த வல்லவரிடம் சொன்னேனா? நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், என் அறைக்கு வந்து, "ஐயா, தாங்கள் வகுத்த இந்த அட்டவணை பிள்ளைகளுக்கு இடையூறு" என்று முகத்துக்கு நேரே கூறிய ஆசிரியர்களால் பள்ளி பயனடைந்தது. ஓய்வறையில் மட்டும் முணுமுணுத்தவர்களால் அவர்களுக்கும் பயனில்லை, பள்ளிக்கும் பயனில்லை. மூன்றாவது: செல்லும் இடம் யாது? தம்பி தங்கையரின் படிப்பு தன் ஊதியத்தை நம்பியிருக்க, சினத்தில் விலகல் கடிதம் எழுதுவது வீரமன்று. வேறிடம் உறுதியாகும் வரை பொறுத்திருப்பதும் அடிமைத்தனமன்று.

மேலாளருக்கு அஞ்சி ஓடுவது வேறு. தொழிலைக் காக்க விலகுவது வேறு. முன்னதில் சினமே வழிகாட்டுகிறது. பின்னதில் சிந்தனை வழிகாட்டுகிறது. மற்றுமொன்று: உங்களுட் சிலர் நாளை பிறரை நடத்தும் பதவிக்கு வருவீர்கள். அந்நாளில் உங்கள் கதவைத் தட்டி ஓர் இளைஞன் குறை சொல்ல வந்தால், அவனை அமரச் சொல்லுங்கள். அவன் இன்னும் விலகவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.