'உக்ரம்' என்னும் பதம்

ந்ருஸிம்ஹனை ஆராதிக்க விழைவோர் சிலரிடம் ஓர் அச்சம் உண்டு. 'அவன் உக்ரமூர்த்தியாயிற்றே, அவனை இல்லத்தில் எழுந்தருளப்பண்ணலாமோ?' என்பர். சொல்லின் பொருளைக் குறுக்கிக் கொண்டதால் இவ்வச்சம் வளர்ந்தது.

தமிழ் வழக்கில் 'உக்கிரம்' என்பது கடுமையையும் சினத்தையும் குறிக்கும். உக்கிரமான வெயில், உக்கிரமான போர் என்கிறோம். வடமொழியில் இதன் பரப்புப் பெரிது. வேதத்தில் இந்திரனுக்கும் மருத்துக்களுக்கும் அடையாக வருமிடத்து மிடுக்கையே பெரிதும் உணர்த்தும். 'ஓஜஸ்' என்னும் சொல்லோடு இது உறவுடையதென மொழிநூலார் கொள்வர். கடுநெடியுடைய வசம்பு 'உக்ரகந்தா' எனப்படும். அங்குச் சினத்துக்கு இடமில்லை. கம்ஸனால் சிறைப்பட்டுக் கண்ணனால் மீண்டும் அரசுபெற்ற உக்ரஸேனனும் கொடியவனல்லன். வலிய சேனையுடையவன் என்பதே அப்பெயர்ப் பொருள்.

இனி, மந்த்ரராஜத்தைக் காண்போம். 32 எழுத்துக்களும் 11 பதங்களும் கொண்ட அம்மந்த்ரத்தின் முதற்பதம் 'உக்ரம்'. அச்சம் விளைப்பவன் என்னும் பொருளுக்கு ஏழாம் பதமாகிய 'பீஷணம்' தனியே உளது. முதற்பதத்துக்கும் அதுவே பொருளாயின் கூறியது கூறலாகும். ஆதலின் ந்ருஸிம்ஹ பூர்வ தாபநீய உபநிஷத்து 'உக்ரம்' என்பதற்கு வேறு பொருள் அருளிச்செய்தது: தன் மஹிமையால் உலகங்களையும் தேவர்களையும் ஆத்மாக்களையும் பூதங்களையும் மேலே எடுத்துத் தாங்குகிறான், ஆதலால் உக்ரன் என்று. 'உத்' என்னும் உபஸர்க்கத்தோடு கூடிய 'க்ரஹ்' தாதுவைக் கொண்டு இந்நிர்வசனம் அமைந்தது.

ஆயின், ஸஹஸ்ரநாம பாஷ்யத்தில் சங்கரர், சூரியன் முதலானோர்க்கும் அச்சத்துக்குக் காரணமாதலால் 'உக்ர:' என்றாரே எனில், அதுவும் முரணன்று. அவ்வச்சத்தாலன்றோ சூரியன் நெறி தவறாது உதிக்கிறான்? உலகைத் தாங்கும் ஆற்றலே ஆணையாகவும் நிற்கிறது.

யானையின்மேல் சீறும் சிங்கம் அந்நிலையிலேயே தன் குட்டிக்குப் பாலூட்டும் என்பது பூர்வாசாரியர்கள் எடுத்தாண்ட உவமை. சீற்றம் ஒருபாலும் அருள் ஒருபாலும் ஒருங்கே நிகழக் குறையில்லை. ஸ்ரீபாகவதம் ஏழாம் ஸ்கந்தம் ஒன்பதாம் அத்யாயமும் இதனையே காட்டும். பிரமன் முதலிய தேவர்கள் அணுகவில்லை. திருமகளும் அஞ்சி நின்றாள். சிறுவனான ப்ரஹ்லாதன் மட்டும் சென்று திருவடியில் விழுந்தான். எம்பெருமான் முதலில் செய்தது அவனை எடுத்து நிறுத்தியது. பின்னரே சிரத்தில் திருக்கை வைத்தான். உபநிஷத்து உரைத்த பொருள் அங்கே செயலாயிற்று. ஆகவே 'உக்ரம்' என்று அநுஸந்திப்பவர், தம்மை எடுக்க வல்ல கையையே நினைப்பாராக.