மண்ணுக்குள் புதைத்த கருவி சரியாகச் சொல்லுமா?

பயிருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்குப் போட, மண்ணுக்குள் இறங்கும் சூட்டையும் அளக்கிறார்கள். இதற்காக 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் ஒரு சிறு தகட்டைப் புதைக்கிறார்கள். அது தப்பாகவும் காட்டலாம்.

1. தகட்டோடு மண் ஒட்டாவிட்டால் இடையில் காற்று நிற்கும். சூட்டைக் குறைத்துக் காட்டும்.

2. தகட்டுக்கு மேலுள்ள மண் பிடித்து வைக்கும் சூட்டையும் கணக்கில் சேர்க்கணும்.

3. ரொம்ப மேலாகப் புதைத்தால் ஈரம் ஏறி இறங்குவதைத் தகடு மறித்துவிடும்.

4. நம்ம திருப்புலி நாட்டில் காபித் தோட்ட நிழலில் ஒரு சூடு, சாமைக்காட்டு வெயிலில் வேற சூடு. ஒரே தகடு போதாது.

கணக்கு தப்பினால் வாடுவது நம்ம பயிர்தான். வயலில் கருவி வைக்க வந்தால், "எத்தனை இடத்துல வைக்கிறீங்க? மண்ணை நல்லா அமுக்கினீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள்!